41 விண்ணப்பம், ஓர் அழைப்பும் இல்லை: சிவியில் என்னதான் எழுதுவது?

கேள்வி | ஜூன் 3, இரவு 9:40

ஆறு வருடமாக ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கிறேன். கடந்த நாலு மாதத்தில் 41 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஓர் அழைப்புகூட வரவில்லை. சிவி ஒரே பக்கம்தான் இருக்கணும் என்கிறார் ஒருவர், விவரமாக எழுது என்கிறார் இன்னொருவர். என்னுடையது நாலு பக்கம். இதையெல்லாம் யாரும் படிப்பதே இல்லை, ஆள் தெரிந்தால்தான் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 11:15

படிக்கிறோம், தம்பி. ஒன்பது வருடமாக என் பிரிவுக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் விண்ணப்பக் கட்டு என் மேசைக்குத்தான் வருகிறது. கடைசியாக ஓர் இடத்துக்கு 180-க்கு மேல் வந்தன. இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். முதல் சுற்றில் கண் நேரே போவது, இப்போது என்ன வேலையில் இருக்கிறார், எங்கே, எத்தனை வருடம் என்பதற்கு. அடுத்து, அந்த வேலைக்குக் கீழே எழுதியிருக்கும் முதல் வரி. அந்த ஒரு வரியில் ஏதாவது பிடிபட்டால் கீழே இறங்குவேன். பிடிபடாவிட்டால் அடுத்த தாள். 2012-இல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 30 ஆட்சேர்ப்பாளர்களின் கண்ணசைவை அளந்து, முதல் முடிவெடுக்க ஆறு நொடிதான் ஆகிறது என்றது. 2018-இல் மறுபடி அளந்து 7.4 நொடி என்றது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அது முதலில் சலித்தெடுக்க ஆகும் நேரம். சல்லடையில் தங்கிய இருபது முப்பது தாள்களை நான் பேனாவும் கையுமாக, வரி வரியாகப் படிப்பேன். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம்கூடப் போகும்.

பக்கக் கணக்குக்குப் பதில்: ஒரே பக்கம். பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு உங்கள் நாலு பக்கத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

ஜூன் 4, காலை 7:05

நேற்று ‘ஒரே பக்கம்’ என்று அடித்துச் சொன்னது தப்பு. தூங்கி எழுந்ததும் உறுத்தியது.

சிவி என்பதன் விரிவு ‘கரிக்குலம் வீட்டே’. லத்தீனில் வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். ரெஸ்யூமே பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்குச் சுருக்கம் என்று பொருள். ஆராய்ச்சி, பல்கலைக்கழக வேலைக்குக் கேட்கும் சிவியில் கட்டுரைகள், மாநாடுகள், கற்பித்த பாடங்கள் எல்லாம் இருக்க வேண்டும். அங்கே பத்துப் பக்கம் போனாலும் குற்றமில்லை. மற்ற வேலைகளுக்கு இரண்டு சொல்லையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆறு வருட அனுபவத்துக்கு இரண்டு பக்கம்வரை தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் இருப்பது முதல் பக்கத்தில் இருப்பதைவிட முக்கியம் குறைந்ததாக இருக்கணும்.

ஜூன் 4, இரவு 10:30

நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. செய்த வேலை அந்தத் தாளில் இல்லை என்பதுதான் குறை.

முதல் வரி இது: ‘கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்ட, குழுவோடு இணைந்து செயல்படும், சவால்களை விரும்பும் ஊழியர்.’ அந்த 180-இல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த வரி ஏதோ ஒரு வடிவில் இருந்தது. எல்லாரும் சொல்வதைச் சொன்னால் உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

அடுத்து, உங்கள் வேலையின் கீழே: ‘இருப்புப் பதிவேடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு. வரவு செலவுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு. அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு.’ பொறுப்பு, பொறுப்பு, பொறுப்பு. பொறுப்பு என்பது உங்களிடம் ஒப்படைத்தது. அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவருக்கும் இதே பொறுப்புதானே இருந்திருக்கும்?

சரி, இப்படிச் செய்யலாம். சிவியை மறந்துவிட்டு, வேலையில் ஒரு சாதாரண நாளை எனக்குச் சொல்லுங்கள். காலையில் போனதும் என்ன செய்வீர்கள்? எத்தனை பொருள்? எத்தனை பேர்? எது உடைந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள்?

ஜூன் 5, இரவு 9:50

நீங்கள் எழுதிய பதிலை அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன். இதைத்தான் நான் நாலு பக்கத்திலும் தேடினேன்:

‘மூணு கிடங்குல மொத்தம் நாலாயிரம் அயிட்டம் இருக்கும். முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவைதான் எண்ணுவாங்க, அப்ப ரெண்டு நாள் கிடங்கையே மூடிடுவாங்க. நான்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமா எண்ணலாம்னு சொல்லி அட்டவணை போட்டேன். இப்ப மூடுறதே இல்லை.’

தம்பி, இது நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை! ‘அறிக்கை தயாரித்தல்’ இருக்கிறது, இது இல்லை. இதை இப்படி எழுதலாம்:

‘ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் கிடங்கை மூடி இருப்பு எண்ணும் முறைக்கு மாற்றாக, தினமும் ஒரு பகுதியை எண்ணும் சுழற்சி அட்டவணையை வடிவமைத்தேன் (3 கிடங்குகள், ஏறத்தாழ 4,000 பொருட்கள்). இப்போது எண்ணுவதற்காகக் கிடங்கு மூடப்படுவதில்லை.’

முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பின்பு எப்படி ஆனது. மூன்றும் இரண்டே வாக்கியத்தில் வந்துவிட்டன. ‘வடிவமைத்தேன்’ என்ற வினைச்சொல்லைப் பாருங்கள். செய்தவர் யார் என்று அது சொல்லிவிடுகிறது. இதைப் படிக்கும் கிடங்கு மேலாளர் ஒருவர் அங்கேயே நிற்பார். கிடங்கை மூடினால் என்ன வலி என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 6, காலை 6:45

‘கணக்குக்கும் கையிருப்புக்கும் இருந்த வித்தியாசம் 60 சதவீதம் குறைந்தது என்று சேர்க்கலாமா, குத்துமதிப்பாக அவ்வளவு இருக்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நேற்று எழுதிக் காட்டிய வரியில் நான் எண்களைச் சேர்த்ததை யாரும் இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நேர்காணலில் நான் எதிரே உட்கார்ந்து, ‘இந்த 35 சதவீதத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்?’ என்று கேட்டிருக்கிறேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, ஆர்வத்தில்தான் கேட்டேன். அவர் முகம் மாறியது. நல்ல வேலைக்காரர், மற்ற கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னவர். அந்த ஒரு எண்ணுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் எங்கள் குழுவில் ஒருவர் நம்பவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் அது.

மூலத்தைக் காட்ட முடிந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். அது இல்லையென்றால் அளவைச் சொல்லுங்கள்: எத்தனை கிடங்கு, எத்தனை பொருள், எத்தனை பேர். அதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஜூன் 7, மதியம் 1:20

தோற்றத்துக்கு வருகிறேன். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் நீலப் பட்டை, திறமைகளுக்கு நட்சத்திரம். நேரம் செலவழித்துச் செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் விடச் சொல்கிறேன்.

ஒரு சோதனை. உங்கள் பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். நான் செய்து பார்த்தேன். இடப்பக்கத்துக் கைபேசி எண்ணும் வலப்பக்கத்து வேலைப் பெயரும் ஒரே வரியில் கலந்து வந்தன. நட்சத்திரங்கள் காணவே இல்லை. பல நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் போவது ஏடிஎஸ் என்னும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளுக்கு. அது எழுத்தை உருவியெடுத்துப் பெயர், வேலை, தேதி என்று கட்டங்களில் போடும். நோட்பேடில் நீங்கள் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட நிகரானதைத்தான் அதுவும் பார்க்கும். வேர்டில் தலைப்பகுதிக்குள், அதாவது ஹெடரில், எழுதிய தொடர்பு விவரத்தைச் சில மென்பொருள்கள் விட்டுவிடுவதும் உண்டு. அதனால் பெயரையும் எண்ணையும் பக்கத்தின் உடலிலேயே எழுதுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஆங்கிலத்தில் எழுதும் சிவியில் சில எழுத்துருக்கள் எஃப், ஐ இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக்கிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும். நகலெடுத்தால் சில கோப்புகளில் அந்த இரண்டெழுத்தும் காணாமல் போய், ‘சர்டிஃபைடு’ என்ற சொல் நடுவில் ஓட்டையோடு வரும். சான்றிதழின் பெயரைத் தேடும் மென்பொருளுக்கு அந்தச் சொல் கிடைக்காது. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும்.

நட்சத்திரம் பற்றி: எக்செலுக்கு நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். யார் கொடுத்த நாலு? ‘எக்செல்: பைவட் டேபிள், வீலுக்அப் கொண்டு மாத இருப்பு அறிக்கை’ என்று எழுதினால், எக்செலில் தொகுக்கவும் தேடியெடுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு விளங்கும்.

ஜூன் 8, இரவு 11:40

வேறு பேச்சு. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். உலகின் முதல் சிவி அதுதான். அப்போதே அவர் ஓவியர். ஆனால் கடிதத்தில் வரிசையாக வருவதெல்லாம் எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையில் அகழியின் நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள். சமாதான காலத்தில் கட்டடமும் நீர்வழியும் அமைப்பேன் என்கிறார். சிற்பம், ஓவியம் எல்லாம் கடைசியில்தான். படிப்பவர் போர்க் கவலையில் இருக்கும் ஆட்சியாளர். அவருக்கு என்ன தேவையோ அது மேலே வந்துவிட்டது. உங்கள் நாலு பக்கத்தில் பள்ளிக்கூட மதிப்பெண் முதல் பக்கத்தில் இருக்கிறது, சுழற்சி அட்டவணை எங்கேயும் இல்லை.

ஜூன் 9, காலை 8:10

இங்கே ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. ‘முதல் சிவி’ என்று நான் எழுதியிருக்கக் கூடாது. பலரும் அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. அது வேலை கேட்கும் கடிதம், இன்று கவர் லெட்டர் என்கிறோமே, அந்த வகை. நம் கையில் இருப்பது வரைவு மட்டும்தான், அந்தக் கையெழுத்தும் அவருடையது அல்ல என்பது ஆய்வாளர்கள் கருத்து. போர்க் கருவிகள் பெரும்பாலும் அவர் செய்து முடித்தவை அல்ல, செய்ய முடியும் என்று சொன்னவை. ஆகவே வரிசைப்படுத்திய விதத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம். நேற்று விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன்: ஏதாவது முடியாததாகத் தோன்றினால் உங்கள் தோட்டத்திலேயே செய்துகாட்டுகிறேன் என்று கடிதத்தை முடிக்கிறார். உங்களுக்கும் அது பொருந்தும். நிறுவனத்தின் விவரம் எதுவும் வெளிவராதபடி, கற்பனைப் பொருட்களை வைத்து அந்தச் சுழற்சி அட்டவணையின் மாதிரி ஒன்றைத் தயார்செய்து வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

ஜூன் 12, இரவு 10:05

தனிச்செய்தியில் ஒரு சகோதரி கேட்டது, பொதுவில் பதில் சொல்லச் சம்மதித்தார். வேலையில் இரண்டு வருட இடைவெளி, அதை எப்படி மறைப்பது?

நான் மறைத்திருக்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது இருபது மாதம் வேலையை விட்டிருந்தேன். திரும்ப விண்ணப்பித்தபோது மாதங்களை எடுத்துவிட்டு வருடங்களை மட்டும் எழுதினேன். அப்படி எழுதினால் இருபது மாதம் ஒடுங்கி ஒரு வருடம் போலத் தெரியும். நேர்காணலில் ஒருவர் விரலை அந்த இடத்திலேயே வைத்து, ‘இங்கே என்ன?’ என்றார். நான் தயாராக இல்லை. ஏதேதோ சொன்னேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். வேலை போனதற்காக அல்ல. அம்மாவைப் பார்த்துக்கொண்டதை ஏதோ குற்றம் போல ஒளித்துவிட்டேனே என்று.

அடுத்த விண்ணப்பத்தில் ஒரே வரி எழுதினேன்: ‘குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க முழுநேர இடைவெளி (20 மாதங்கள்).’ காரணத்தை விளக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அங்கேதான் இன்றுவரை இருக்கிறேன். அந்த வரியால் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் பற்றிய கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்து பேச்சு வேலைக்குப் போனது. இப்போது நான் ஆள் எடுக்கும்போது, எழுதப்பட்ட இடைவெளியைத் தாண்டிப் போய்விடுகிறேன். எழுதப்படாத இடைவெளியில்தான் என் பேனாவும் நிற்கிறது.

ஜூன் 13, காலை 7:30

‘எல்லாவற்றுக்கும் எழுதியவனையே குறை சொல்கிறீர்கள்’ என்று கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது.

2004-இல் வெளியான ஓர் ஆய்வு. மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் 1,300-க்கு மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். தகுதிகள் நிகரானவை. சிலவற்றில் வெள்ளையருக்கு வழக்கமான பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவருக்கு வழக்கமான பெயர். முதல் வகைக்கு 50 சதவீதம் கூடுதல் அழைப்புகள் வந்தன. இன்னும் வலிப்பது அடுத்தது: ரெஸ்யூமேயின் தரத்தை உயர்த்தியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகக் கூடியது, மற்றவர்களுக்கு மிகக் குறைவாகவே கூடியது. இயந்திரமும் தப்பவில்லை. அமேசான் சோதித்துவந்த ஆட்தேர்வு மென்பொருள், பத்தாண்டு காலத்தில் வந்த, பெரும்பாலும் ஆண்களுடைய ரெஸ்யூமேக்களைப் பார்த்துக் கற்றதால், ‘பெண்கள்’ என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களைத் தாழ்த்தியது. அந்த முயற்சியை அவர்கள் கைவிட்டது 2018-இல் செய்தியானது.

ஆகவே 41 மௌனத்துக்கும் தாள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தம்பி, நீங்களும் அப்படி நினைத்துக்கொள்ளக் கூடாது. தாள் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதனால் அதைப் பேசுகிறோம். படம், பிறந்த தேதி, திருமண நிலை வைப்பது பற்றியும் இதனால்தான் கவனம் தேவை. ஜெர்மனியில் படம் வைப்பது நெடுநாள் வழக்கம், ஜப்பானிய படிவத்தில் அதற்கென்றே கட்டம் உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படம் வேண்டாம் என்பார்கள். விண்ணப்பம் போகும் இடத்தின் வழக்கம் கேட்காத எதையும் தாமாகக் கொடுக்க வேண்டாம்.

ஜூன் 15, இரவு 9:15

ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எழுத முடியாது என்கிறீர்கள். முடியாதுதான். நானும் செய்ததில்லை. ஒரு மூலக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த எல்லாமே, சின்னதும் பெரியதும், அதில் இருக்கட்டும். எட்டுப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை, அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. வேலை விளம்பரத்தை எடுத்து வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். எண்ண வேண்டும், திட்டமிட வேண்டும், பயிற்சி தர வேண்டும். அவற்றுக்குப் பதில் சொல்லும் வரிகளை மட்டும் மூலத்திலிருந்து எடுத்து, முக்கியமானதை மேலே வையுங்கள். பழகினால் அரை மணி நேர வேலை. அவர்கள் ‘இருப்பு மேலாண்மை’ என்று எழுதியிருந்தால் நீங்களும் அதே சொல்லை எழுதுங்கள். ‘ஸ்டாக் பார்த்தேன்’ என்று நீங்கள் எழுதினால், இரண்டும் ஒன்று என்று மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதலாமா என்ற கேள்விக்கு முதலில் ‘கூடவே கூடாது’ என்று எழுதி, பிறகு அழித்துவிட்டேன். எழுத்துப் பிழை பார்க்க, நீண்ட வரியைச் சுருக்கிக் காட்டச் சொல்ல, பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் கிடங்கை இரண்டு நாள் மூடியது அதற்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். போன முறை எனக்கு வந்ததில் மூன்று பேருடைய அறிமுக வாக்கியம் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

ஜூன் 16, காலை 6:50

புது வடிவம் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம், சுழற்சி அட்டவணை முதல் வரியில். நன்றாக இருக்கிறது. அனுப்பும் முன் ஒன்று: அதில் இருக்கும் கைபேசி எண்ணை, நினைவிலிருந்து இல்லாமல் தாளைப் பார்த்து, வேறொரு கைபேசியிலிருந்து கூப்பிடுங்கள். நாங்கள் எடுக்க நினைத்த ஒருவரின் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது. மின்னஞ்சல் அனுப்பினோம், அவர் நாலு நாள் கழித்துப் பார்த்தார். இடம் அதற்குள் நிரம்பிவிட்டது.

ஜூலை 1, இரவு 8:30

அழைப்பு வந்த செய்தி பார்த்தேன், தம்பி. சந்தோஷமாக இருக்கிறது. ஆறு இடத்துக்கு அனுப்பியதில் ஒன்று. அவர்கள் தொலைபேசியிலேயே ‘கிடங்கை மூடாமல் எப்படி எண்ணினீர்கள்’ என்று கேட்டதையும், நீங்கள் பத்து நிமிடம் பேசியதையும் இரண்டு தடவை படித்தேன்.

வியாழக்கிழமை போகும்போது, மூலக் கோப்பையோ வேறு இடத்துக்கு வெட்டியதையோ கொண்டுபோய்விடாதீர்கள். அவர்களுக்கு அனுப்பிய அதே வடிவத்தை மூன்று படி அச்செடுங்கள். எது அது என்று குழப்பமாக இருந்தால், அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து அதிலிருக்கும் இணைப்பையே அச்சிடுங்கள்.